ஒரு வாளித் தண்ணீரும் டிஜிட்டல் இரட்டையும்

(நம் சங்கத்தின் பெங்களூர் கிளை மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "ஸார், அடுத்த கூட்டத்தில் நீங்கள் பேச வேண்டும். விஞ்ஞானம் சம்பந்தமாக இருந்தால் நல்லது" என்றார். "டிஜிட்டல் ட்வின் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். சற்று நேரம் மறுமுனையில் சப்தமே இல்லை. பிறகு, "மாமிகளும் நிறைய வருவார்கள் ஸார், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். நான் பேசப் போவது தண்ணீர்க் கணக்கு. 2024 கோடையில் இந்த ஊரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, எந்த வாளித் தண்ணீரை எதற்குச் செலவழிப்பது என்று கணக்குப் போட்டுக் குடும்பம் நடத்தியவர்கள் மாமிகள்தான். அவர்களுக்குத் தெரியாத தண்ணீர்க் கணக்கு எனக்கும் தெரியாது.

நான் 1951ல் பிறந்தவன். 1971ல் திருச்சியில் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து, 1973 முதல் 2011 வரை மத்திய அரசுப் பணியில் பல ஊர்களில் இருந்துவிட்டு இங்கே வந்து குடியேறியவன். நான் இன்ஜினியர் அல்ல. இந்தச் சபையில் இன்ஜினியர்கள் பலர் இருக்கிறார்கள். என் கணக்கில் பிழை இருந்தால் தயவுசெய்து திருத்துங்கள்.

வாளியும் விளக்கும்

காவிரித் தண்ணீர் பெங்களூருக்கு 1974 முதல் வருகிறது. சுமார் 100 கிலோமீட்டர் தூரம் வருவது மட்டுமல்ல, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறியும் வருகிறது. தொரேக்காடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுனி என்று மூன்று இடங்களில் பம்பு வைத்து ஏற்றுகிறார்கள். ஆறு தானாக நமக்கு வரவில்லை. மின்சாரம் அதைத் தூக்கிக் கொண்டுவருகிறது.

பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கைப் போடுவோம். எடை, உயரம், புவியீர்ப்பு மூன்றையும் பெருக்கினால், ஆயிரம் லிட்டரை 500 மீட்டர் ஏற்றுவதற்குக் குறைந்தபட்சம் 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். பம்பில் ஏற்படும் இழப்பையும் குழாயின் உராய்வையும் சேர்த்தால் இன்னும் அதிகம். குறைந்தபட்சக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அதன்படி 20 லிட்டர் கொள்ளும் ஒரு வாளிக்கு 27 வாட்-மணி. 9 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று மணி நேரம் எரியும் மின்சாரம் அது. குழாயை மூட மறந்து ஒரு வாளி வழிந்தால், ஆளில்லாத அறையில் மூன்று மணி நேரம் விளக்கை எரியவிட்டதற்குச் சமம். விளக்கை அணைக்கச் சொல்லிக் குழந்தைகளை அதட்டுகிறோம். வழியும் தொட்டியை யாரும் அதட்டுவதில்லை.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? 2013 டிசம்பர் 31 முதல் தென் மாநிலங்களின் மின் தொகுப்பும் மற்றப் பகுதிகளின் தொகுப்பும் ஒன்றாகிவிட்டன. நாடு முழுவதற்குமான சராசரியை மத்திய மின்சார ஆணையம் கணக்கிட்டு வெளியிடுகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. சூரிய சக்தியும் காற்றாலையும் வேகமாக வளர்ந்து, 2025ல் நம் நாட்டின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி போன்ற எரிபொருள்கள் அல்லாததாக ஆகிவிட்டது. ஆனாலும் 2024-25ல் உற்பத்தியான மின்சாரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்து வந்ததுதான்.

2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறக்கப்பட்ட பின் நாளொன்றுக்கு 222.5 கோடி லிட்டர் வரை கொண்டுவரும் வசதி உண்டு. அவ்வளவையும் ஏற்றினால் தினம் குறைந்தது 30 லட்சம் யூனிட் ஆகும். வருஷத்துக்கு ஏழே முக்கால் லட்சம் டன் அளவில் கரியமில வாயு. அதில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மண்ணுக்குள் கசிந்து போனால், யாருக்கும் பயன்படாமல் 77,000 டன் புகை. இது அரசாங்கக் கணக்கு அல்ல. நான் காகிதத்தில் போட்ட கணக்கு.

இந்திய நகரங்களில் கணக்கில் வராத தண்ணீர் 30 முதல் 40 சதவீதம் என்று பொதுவாகச் சொல்லுவார்கள். அதில் திருட்டு உண்டு, மீட்டர் இல்லாத இணைப்பு உண்டு, கசிவும் உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் கஷ்டம். இந்த இடத்தில்தான் டிஜிட்டல் ட்வின் வருகிறது.

இரட்டை என்றால் என்ன?

1970 ஏப்ரலில் நான் பட்டப்படிப்பு மாணவன். அப்பல்லோ 13 விண்கலத்தில் பிராணவாயுத் தொட்டி வெடித்து, மூன்று வீரர்கள் பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் தத்தளித்த செய்தியை ஹாஸ்டலில் ஒரே பத்திரிகையைச் சுற்றி நின்று படித்தோம். ஏப்ரல் 17ஆம் தேதி பத்திரமாகத் திரும்பினார்கள். எப்படி என்பது பிற்பாடுதான் தெரிந்தது. விண்கலத்தைப் போலவே அமைந்த பயிற்சிக் கூண்டுகள் தரையில் இருந்தன. விண்கலத்திலிருந்து ரேடியோ வழியாக வந்த அளவுகளைக் கொண்டு அந்தக் கூண்டுகளிலும் அதே நிலைமையை உண்டாக்கி, எந்தச் சுவிட்சை எந்த வரிசையில் போட்டால் மின்சாரம் போதும் என்று இங்கே சோதித்துப் பார்த்துவிட்டு அங்கே சொன்னார்கள். இதைத்தான் டிஜிட்டல் ட்வின்னின் மூதாதை என்கிறார்கள்.

பௌதிகக் கூண்டுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டருக்குள் அதை அமைக்கலாம் என்ற கருத்தை 2002ல் அமெரிக்காவில் மைக்கேல் கிரீவ்ஸ் என்பவர் எடுத்துரைத்தார். 2010ல் நாசாவின் திட்ட அறிக்கையில் 'டிஜிட்டல் ட்வின்' என்ற பெயர் இடம்பெற்றது. நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறை 2024 பிப்ரவரியில் 'சங்கம்' என்ற பெயரில், உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு இதைப் பயன்படுத்தும் முயற்சியைத் தொடங்கியிருக்கிறது.

வரைபடம் வேறு, இரட்டை வேறு. ஒரு வீட்டின் புளூபிரிண்ட், வீடு கட்டிய நாளோடு நின்றுவிடும். இரட்டை அப்படி அல்ல. குழாயில் இப்போது என்ன அழுத்தம், பம்பு எத்தனை மின்சாரம் இழுக்கிறது என்று மீட்டர்கள் இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். 'இந்த நேரத்தில் இந்த இடத்தில் இவ்வளவு இருக்க வேண்டும்' என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். 'இருக்க வேண்டியது' ஒன்று, 'இருப்பது' ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் அங்கே ஏதோ கோளாறு. அடுத்தபடியாக, 'இந்த வால்வைப் பாதி மூடினால் என்ன ஆகும்?' என்று ஊரைத் தொந்தரவு செய்யாமல் கேட்டுப் பார்க்கலாம். பரிகாரத்தை முதலில் நிழலிடம் சோதித்துவிட்டுப் பிறகு நிஜத்தில் செய்கிறோம்.

நம்மைப் போன்ற நாடுகளுக்கு ஏன்?

பணக்கார நாடுகள் பழையதை இடித்துப் புதிதாகக் கட்டிப் புகையைக் குறைக்கலாம். இந்தியா, இந்தோனேஷியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளுக்கு அவ்வளவு வசதி கிடையாது. கட்டியதை இன்னும் பல வருஷம் ஓட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே, இருப்பதில் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் நமக்கு மலிவான வழி.

அனல் மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கரியின் சக்தியில் 35 சதவீதத்தை மின்சாரமாக்கும் நிலையம் 36 சதவீதத்தை எட்டினால், அதே மின்சாரத்துக்கு நிலக்கரி கிட்டத்தட்ட 3 சதவீதம் குறையும். பாய்லர் குழாய்களில் சாம்பல் எப்போது படிந்தது, காற்று எவ்வளவு அதிகமாகப் போகிறது, கண்டென்சரில் வெற்றிடம் ஏன் குறைகிறது என்று இரட்டை அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தால் அந்த ஒரு சதவீதம் எட்டாத கனி அல்ல. 2024-25ல் 100 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி வெட்டிய நாட்டில் 3 சதவீதம் என்பது அற்ப விஷயமா?

தண்ணீர் விஷயத்தில் இரட்டை மூன்று வேலை செய்யும். கசிவு எந்தப் பகுதியில் என்று சுட்டிக்காட்டும். பம்பு தேய்ந்து, அதே தண்ணீருக்கு அதிக மின்சாரம் இழுக்க ஆரம்பித்தால் உடனே சொல்லும். மூன்றாவது, எப்போது பம்பு ஓட்டுவது என்ற யோசனை. நகருக்குள் இருக்கும் நீர்த்தேக்கத் தொட்டிகளில் இடம் இருந்தால், சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் நடுப்பகலில் நிரப்பிவிட்டு, நிலக்கரி எரியும் இரவு வேளையில் பம்பை நிறுத்தி வைக்கலாம்.

ஆனால் நம் ஊர்களில் ஒரு விசேஷச் சங்கடம் உண்டு. வெளிநாட்டு நகரங்களில் குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் இருக்கும். அதிகாலை இரண்டு மணிக்கு ஊர் தூங்கும்போதும் தண்ணீர் ஓடினால், அதில் பெரும்பகுதி கசிவு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நமக்கோ இரண்டு நாளைக்கு ஒருமுறை, அதுவும் சில மணி நேரம் தண்ணீர். இரவு இரண்டு மணிக்கு வந்தாலும் நம் சம்ப் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். போதாததற்கு, காலியாகக் கிடந்த குழாயில் தண்ணீர் பாயும்போது முன்னே தள்ளப்படும் காற்றே மீட்டரைச் சுழற்றிவிடும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1993ல் இலவசமாக வெளியிட்ட ஈபாநெட் என்ற நல்ல மென்பொருள் உண்டு. அதன் கணக்கும் குழாய் எப்போதும் நிரம்பியிருக்கிறது என்ற அனுமானத்தில்தான் நிற்கிறது. ஆகவே வெளிநாட்டில் செய்த இரட்டையை அப்படியே வாங்கி வந்து இங்கே மாட்ட முடியாது. நம் பிள்ளைகள் நம் குழாய்களுக்கு ஏற்றதைச் செய்ய வேண்டும்.

என் கையெழுத்து

இதுவரை சொன்னதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. இனிச் சொல்லப் போவது நானே செய்தது. இதை வெளியில் சொன்னதில்லை.

1986ல் மத்தியப் பிரதேசத்தில் ஒரு அரசுக் குடியிருப்பில் பிரிவு அதிகாரியாக இருந்தேன். ஆயிரத்தைந்நூறு குவார்ட்டர்ஸ். ஆற்றங்கரையில் பம்பு ஹவுஸ். மூன்று கிலோமீட்டர் தள்ளி மேல்நிலைத் தொட்டி. பம்பு ஹவுஸில் ஒரு மீட்டர், தொட்டியடியில் ஒரு மீட்டர். மாதா மாதம் இரண்டின் அளவுகளையும் தொகுத்து மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் கையெழுத்துப் போடுவது என் வேலை.

பம்பு ஹவுஸில் தினம் 1,800 கிலோலிட்டர். தொட்டியிலும் தினம் 1,800. பத்து மணி நேரம் மின்வெட்டு இருந்த நாளிலும் 1,800. மூன்று கிலோமீட்டர் குழாயில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. அப்படி ஒரு குழாய் உலகத்தில் கிடையாது. பௌதிகம் படித்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். விசாரித்தேன். இரண்டு மீட்டரும் நின்று போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றார்கள். என் மேலதிகாரியிடம் சொன்னேன். "படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா? அது போதும்" என்றார். நானும் அது போதும் என்று இருந்துவிட்டேன். இரண்டரை வருஷம் கையெழுத்துப் போட்டேன்.

குடியிருப்பின் கடைசி வரிசைகளில் தண்ணீர் வருவதில்லை. அங்கே இருந்தவர்கள் கடைநிலை ஊழியர்கள். என் வீடு முன் வரிசையில். என் அறிக்கைப்படி 1,800 வருகிறது. ஆகவே கசிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. தேவைதான் அதிகம் என்று முடிவாகி, 1987ல் 40 குதிரைசக்தியில் இரண்டாவது பம்பு சாங்ஷன் ஆனது. பம்பு ஓடியது. கடைசி வரிசைக்கு அப்போதும் தண்ணீர் வரவில்லை. எங்கள் அலுவலகப் பியூன் அங்கேதான் குடியிருந்தார். ஒரு நாள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஸாப், புதுப் பம்பு வந்துவிட்டதே, எங்கள் குழாயில் ஏன் தண்ணீர் இல்லை?" என்று ஹிந்தியில் கேட்டார். "காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று பதில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் மனைவியும் பெண்ணும் இரண்டு கோடைக்காலம் கைப்பம்பிலிருந்து குடம் சுமந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும்.

1989ல் மாற்றலாகி வந்த ஒரு வயதான ஃபிட்டர்தான் கண்டுபிடித்தார். இரவு ஊர் அடங்கியபின் ஒரு இரும்புக் கம்பியின் நுனியைக் குழாயின் மேல் ஊன்றி, மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே மூன்று கிலோமீட்டரும் நடந்தார். ஒரு சிறு பாலத்துக்கு அடியில் குழாய் இணைப்பு பிளந்து, தண்ணீர் ஓடையில் போய்க்கொண்டிருந்தது. கோடையிலும் அந்த ஓடையில் மட்டும் புல் பச்சைப்பசேல் என்று இருக்கும். நான் தினம் ஸ்கூட்டரில் அதைப் பார்த்துக்கொண்டேதான் ஆபீஸ் போனேன். இரண்டாவது பம்பினால் அழுத்தம் கூடிக் கசிவும் கூடியதுதான் மிச்சம்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 40 குதிரைசக்தி என்றால் 30 கிலோவாட். நாளைக்கு 16 மணி நேரம், சுமார் 600 நாட்கள். 2,88,000 யூனிட். நிலக்கரி மின்சாரம் என்றால் யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு. ஆக 288 டன். அவ்வளவும் என் கையெழுத்தில் வெளியேறிய புகை. குடம் சுமந்ததற்கு யூனிட் கணக்கு இல்லை.

அந்த ஃபிட்டர் செய்ததும் இரட்டை செய்வதும் ஒன்றேதான். இருக்க வேண்டிய சப்தத்தையும் இருக்கும் சப்தத்தையும் ஒப்பிட்டார். ஆனால் அவர் காது பொய் சொல்லவில்லை. என்னுடைய 1,800ஐ இன்றைய மிக உயர்ந்த கம்ப்யூட்டரில் போட்டிருந்தால், அது வண்ண வண்ணப் படங்களோடு அதே பொய்யைத்தான் திருப்பிக் காட்டியிருக்கும். கோடிக்கணக்கில் செலவழித்து இரட்டைகள் செய்யப்போகும் நாட்டில், மீட்டர் நின்றால் 'நின்றுவிட்டது' என்று எழுதும் பழக்கம் முதலில் வர வேண்டும்.

நாம்பென் நகரத்தில்

முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். கம்போடியாவின் தலைநகரம் நாம்பென். நீண்ட யுத்தத்தில் சிதைந்த ஊர். 1993ல் அங்கே கணக்கில் வராத தண்ணீர் 72 சதவீதம். ஏக் சோன் சான் என்ற இன்ஜினியர் குடிநீர் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். ஒவ்வொரு இணைப்பையும் நேரில் போய்க் கணக்கெடுத்தார்கள், ஒவ்வொன்றுக்கும் மீட்டர் வைத்தார்கள், பெரிய மனிதர் சிறிய மனிதர் என்ற பேதம் பார்க்கவில்லை. ஒரு ராணுவ அதிகாரி வீட்டில் மீட்டர் பொருத்தப் போனபோது தன் மேல் துப்பாக்கி நீட்டப்பட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். மீட்டரைப் பொருத்திவிட்டுத்தான் ஓய்ந்தார். 2006ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 2010 வாக்கில் 72 என்பது 6 சதவீதமாகக் குறைந்துவிட்டது. உண்மையான கணக்கு முதலில் வந்தது. அப்படிப்பட்ட ஊரில் இரட்டை செய்தால் அது நிஜமான இரட்டையாக இருக்கும்.

நம் நாட்டிலும் 2021 ஜூலையில் புரி நகரம், 24 மணி நேரமும் குழாயிலிருந்தே குடிக்கத்தக்க தண்ணீர் தரும் ஊராக ஆனது. அதே வருஷம் தொடங்கிய அம்ருத் இரண்டாம் கட்டம், கணக்கில் வராத தண்ணீரை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவதை ஒரு குறிக்கோளாக வைத்திருக்கிறது. திசை சரியாகத்தான் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

இளைஞர்கள் பலர் கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறீர்கள். இரட்டை செய்யும் வேலை உங்களிடம் வந்தால், திரையைப் பார்ப்பதற்கு முன் ஒரு முறை பம்பு ஹவுஸுக்குப் போய் மீட்டரைப் பாருங்கள். லாக் புத்தகத்தில் ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை எழுதும் ஊழியரிடம் மரியாதையாகப் பேசுங்கள். உண்மையை எழுதினால் திட்டு விழும் என்ற பயம் அவருக்கு இருக்கும் வரை உங்கள் மென்பொருளால் பிரயோஜனமில்லை.

என் போன்ற வயதானவர்களுக்கு ஒரு சிறு வேலை. எந்த ஊரில் இருந்தாலும் அடுக்குமாடிக் குடியிருப்பில் செய்யலாம். இரவு பதினொன்றரை மணிக்கு மோட்டாரை நிறுத்தச் சொல்லி, மேல் தொட்டியில் நீர்மட்டத்தைக் குச்சியால் அளந்துகொள்ளுங்கள். காலை நாலரைக்கு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் இறங்கினால் 100 லிட்டர். எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள். எல்லோரும் தூங்கும் அந்த ஐந்து மணி நேரத்தில் 1,600 லிட்டர் இறங்கியிருந்தது. நாலு வீட்டு ஃப்ளஷ் டேங்குகளும் ஒரு ஃப்ளோட் வால்வும்தான் காரணம். அதில் ஒன்று என் வீட்டு ஃப்ளஷ் டேங்க். வாட்ச்மேன் பையனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறேன். "அளக்க மறந்துவிட்டால் 'அளக்கவில்லை' என்று எழுது, தப்பில்லை" என்று சொல்லியிருக்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று நாள் அப்படித்தான் எழுதுகிறான். அதனால்தான் மற்ற நாட்களின் எண்ணை நம்ப முடிகிறது.

 சந்தேகங்கள் இருந்தால் காபிக்குப் பிறகு கேட்கலாம். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுகிறேன்.